முருங்கைக்காய்ச் சக்கையில் லிக்னினைக் காண்பது எப்படி

சாம்பாரில் கிடக்கும் முருங்கைக்காயை மென்றபின் தட்டோரத்தில் ஒதுக்கும் சக்கை இறுகியிருப்பதற்கு லிக்னின் என்னும் பொருளே காரணம். அதைக் கண்ணால் காண, கோயம்பேட்டுச் சந்தையில் ஒரு பிஞ்சையும் ஒரு முற்றிய காயையும் வாங்கிக்கொண்டு கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குச் செல்லுங்கள். அடர் அமிலம் தேவைப்படுவதால் இது வீட்டில் செய்யும் வேலையன்று.

லிக்னினைச் சிவக்கச் செய்யும் சாயப்பொருளான ஃபுளோரோகுளுசினாலை 0.3 கிராம் எடுத்து 10 மில்லிலிட்டர் எத்தனாலில் கரைத்து, அதில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்கவும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கலவையை அன்றன்றே தயாரித்து, முதலில் பழைய நாளிதழ்த் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மரக்கூழில் எஞ்சிய லிக்னினால் தாள் சிவக்கும், சிவக்காவிட்டால் கோளாறு கலவையில்தான் இருக்கிறது.

புதிய பிளேடால் இரு காய்களையும் குறுக்காக, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகச் சீவித் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். பத்துச் சீவல்களில் ஒன்று தேறினாலே போதும். அதைத் தூரிகையால் எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்துக் கலவையை விட்டு, சில நிமிடங்களுக்குப் பின் மூடுதகடு போட்டு நுண்ணோக்கியில் காணவும். சென்னையின் மே மாத வெக்கையில் எத்தனால் சட்டென ஆவியாகிவிடும் என்பதாலும், நிறம் நிலைக்காது என்பதாலும், தாமதிக்கக் கூடாது. முற்றிய காயில் நார்க்கற்றைகளும் நீர் கடத்தும் சைலக் குழாய்களும் செவ்வூதாவாகத் தெரியும். பிஞ்சில் நிறம் பெரும்பாலும் குழாய்ச் சுவர்களோடு நின்றுவிடும்.

இந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று அறிய, லிக்னின் உருவாகும் வழியைப் பார்க்க வேண்டும். ஃபினைல்அலனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஒரு நொதி அம்மோனியாவை நீக்க, சின்னமிக் அமிலம் கிடைக்கிறது. அதன் வளையத்தில் ஹைட்ராக்சில், மெத்தாக்சி தொகுதிகள் ஏற, அமில முனை முதலில் ஆல்டிஹைடாகவும் பின்னர் ஆல்கஹாலாகவும் வேதி ஒடுக்கத்தால் மாறுகிறது. இவ்வாறு பிறக்கும் கூமரைல், கோனிஃபெரைல், சினாப்பைல் ஆல்கஹால்கள் செல்சுவரை அடைந்ததும், லாக்கேஸ், பெராக்சிடேஸ் நொதிகள் அவற்றை ஆக்சிஜனேற்றித் தனி உறுப்புகளாக (இணையற்ற எலக்ட்ரான் கொண்டு எளிதில் வினைபுரியும் துகள்களாக) மாற்றுகின்றன. அதன்பின் அவை ஒன்றோடொன்று தாமாகவே பிணைவதால், செல்லுலோஸைப் போல் ஒரே சீரான சங்கிலி அமைவதில்லை.

ஆல்கஹாலாக மாறாமல் தங்கிவிட்ட ஆல்டிஹைடு முனைகளோடுதான் நம் சாயம் முக்கியமாக வினைபுரிகிறது. ஆகவே நிறம் லிக்னின் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுமே தவிர, அதன் அளவை நம்பகமாகச் சொல்லாது. அளவு வேண்டுமெனில், 72 சதவீதக் கந்தக அமிலத்தால் சர்க்கரைப் பகுதிகளைக் கரைத்து, எஞ்சியதை எடைபோட வேண்டும்.