விமானக் கழிப்பறை வடிவமைப்பு: சீலன்ட்டை நம்பிக் கோடு போடாதீர்கள்

போன வாரம், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் தான் வரைந்த கழிப்பறையைத் திரையில் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. தரையும் சுவரும் சேரும் மூலையைப் பெரிதாக்கச் சொன்னேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் போட்ட அதே கோடு! இடுக்கமான அறை, கை நுழையாத தொட்டி போன்ற தவறுகளைச் சொல்லப் போவதில்லை; மாதிரிப் பெட்டிக்குள் ஒரு முறை நின்றாலே அவை தெரிந்துவிடும்.

தரை மூலையில் இணைப்பு

என் வரைபடத்தில் தரைத் தட்டு சுவரைத் தொட்டு முடிந்தது. நடுவே மெல்லிய இடைவெளி, பக்கத்தில் 'சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) நிரப்பவும்' என்று ஒரு குறிப்பு. சோதனையில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

சில வருஷம் கழித்து அந்த விமானம் பெரிய பராமரிப்புக்கு வந்தது. கழிப்பறையைப் பெயர்த்து எடுத்தார்கள். கீழே, தரையைத் தாங்கும் அலுமினிய உத்தரத்தில் விபூதி கொட்டியது போல வெள்ளைப் பொடி. சுரண்டினால் உலோகம் செதில் செதிலாக வந்தது. மெக்கானிக் திரும்பிப் பார்த்தார்: "சார், ஆடுற விமானத்துல எல்லாரும் நேராத்தான் போவாங்கன்னு நெனச்சீங்களா?"

உத்தரத்தை மாற்றுவதற்குள் பக்கத்து இருக்கைகள், தரைப் பலகைகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. நான் மிச்சம் பிடித்தது தட்டை வார்க்கும் அச்சின் செலவை.

ஒவ்வொரு பறப்பிலும் உள்ளே அழுத்தம் கூடும்போது விமான உடல் லேசாக உப்பும், இறங்கினால் சுருங்கும். கழிப்பறைப் பெட்டியும் தரையும் ஒரே மாதிரி அசைவதில்லை. சீலன்ட்டின் ஓரம் மெல்ல உரியும். மயிரிழை வழி போதும், துடைக்கிற தண்ணீரும் சிறுநீரும் இறங்கிவிடும். கீழே இருக்கும் இன்சுலேஷன் அதைக் குடித்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் அரிப்புக்குக் கேட்கவா வேண்டும்?

தட்டைத் தாம்பாளம் போல ஒரே துண்டாக, விளிம்பை மேலே தூக்கிச் செய்யுங்கள். சுவர்ப் பலகை அந்த விளிம்புக்கு உட்புறமாக இறங்கட்டும். சுவரில் வழிவது தட்டிலேயே விழும். சீலன்ட் அதற்குப் பிறகுதான். அதையே முதல் காவலாக வைத்த வரைபடத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

சாம்பல் கிண்ணத்தை நீக்குவது

புகைக்கத்தான் தடையாயிற்றே என்பார்கள். அமெரிக்க விதி இன்னும் கேட்கிறது. தடையை மீறிப் புகைக்கிறவர் சிகரெட் துண்டைக் காகிதம் நிறைந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிடக் கூடாதே! 1973 ஜூலையில் பாரிஸின் ஓர்லி அருகே விழுந்த பிரேசிலின் வரிக் 820 விமானத்தில் தீ பிடித்தது பின்பக்கக் கழிப்பறையில்தான். 123 பேர் இறந்தார்கள். தொட்டியின் மூடி தானாக மூடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வேக்குவம் இருக்கிறதே என்று குழாயை ஒடித்து வளைப்பது

உயரத்தில், வெளியே அழுத்தம் குறைவாக இருப்பதாலேயே கழிவு இழுபடும். சுமார் 16,000 அடிக்குக் கீழே, உறிஞ்சும் விசையை உண்டாக்கும் புளோயர்தான் கதி. யாரோ போடும் டயாப்பர் கூர்மையான வளைவில்தான் சிக்கும். அங்கே கை எட்ட வழி வையுங்கள்.

வெளியிலிருந்து திறக்க முடியாத தாழ்ப்பாள்

கூடாது.

கதவில் கொக்கி

மடிப்புக் கதவு. அதில் மாட்டிய கோட்டும் சேர்ந்து மடியும்.