வெளிநாட்டில் எம்.எஸ்சி. நர்சிங்: ஆஃபர் லெட்டர் வந்ததும் செய்யும் தவறுகள்

பிப்ரவரி பிறந்துவிட்டால் எங்கள் கல்லூரிக்குப் பழைய மாணவிகள் வரத் தொடங்குவார்கள். கையில் பிளாஸ்டிக் ஃபைல், பின்னாலேயே அப்பா. கோபியிலிருந்து வந்தாலும் தாராபுரத்திலிருந்து வந்தாலும் பேச்சு ஒன்றுதான். “மேடம், யு.கே.ல கண்டிஷனல் ஆஃபர் வந்திருச்சுங்க. ரெகமண்டேஷன் லெட்டர்ல ஒரு கையெழுத்து வேணுங்க.”

“முடிச்சிட்டு அங்கேயே நர்சா இருக்கப் போறியா?”

“ஆமாங்க மேடம், அதுக்குத்தானுங்க போறேன்.”

“சரி, அங்கத்த நர்சிங் கவுன்சில் என்.எம்.சி.ல பதிவு?”

அப்பா மகளைப் பார்ப்பார். மகள் ஃபைலைப் பார்ப்பாள்.

நான் பார்த்ததில் பெரிய தவறு இதுதான். பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். நர்சாக வேலை பார்க்க உரிமம் கொடுப்பது அந்த நாட்டு கவுன்சில். பிரிட்டனில் ஒரு வருட எம்.எஸ்சி. அட்வான்ஸ்டு நர்சிங் முடித்தாலும், அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ‘ரெஜிஸ்டர்டு நர்ஸ்’ என்று வார்டில் நிற்க முடியாது. என்.எம்.சி.யில் பதிய வேண்டும். அதற்குக் கணினியில் எழுதும் சி.பி.டி. தேர்வு ஒன்று, பிரிட்டனிலேயே போய்ச் செய்துகாட்டும் ஆஸ்கி தேர்வு ஒன்று. சி.பி.டி.யை இந்தியாவிலேயே எழுதிவிடலாம், விமானம் ஏறும் முன்பே. பலர் இது தெரியாமல் போய், படிப்பு நாளில் வாரத்துக்கு 20 மணி நேரம் முதியோர் இல்லத்தில் கேர் அசிஸ்டன்டாக வேலை பார்க்கிறார்கள். அந்த வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நாலு வருடம் பி.எஸ்சி. படித்து, ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் பார்த்த பெண், அங்கே ஊசி போட அனுமதி இல்லாமல் நிற்பதை அவள் வாயாலேயே வாட்ஸ்அப்பில் கேட்கும்போது சங்கடமாக இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் வேறு மாதிரிக் குழப்பம். ‘மாஸ்டர் ஆஃப் நர்சிங்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வகைப் படிப்பு உண்டு. ஒன்று, வேறு பட்டம் படித்தவர்கள் நர்ஸ் ஆவதற்கான பதிவுக்கு முந்தைய படிப்பு. மற்றது, ஏற்கெனவே நர்சாக இருப்பவர்களுக்கான மேற்படிப்பு. முதலாவது பதிவுக்கு வழிவிடும், இரண்டாவது விடாது. பாடத்திட்டப் பக்கத்தில் ‘பதிவுக்குத் தகுதி’ என்ற வரி இருக்கிறதா என்று கன்சல்டன்சிக்காரரைக் கேட்காமல் நீங்களே தேடிப் பாருங்கள். அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகும் மாஸ்டர்ஸ் படிப்புக்கு ஆர்.என். (ரெஜிஸ்டர்டு நர்ஸ்) உரிமம் முதலில் வேண்டும், அதற்கு என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வு எழுத வேண்டும்.

“போறது வெளிநாடுதானே” என்று தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதியாமலே இருப்பவர்களும் உண்டு. அங்குள்ள கவுன்சில் முதலில் கேட்பதே சொந்த ஊர்ப் பதிவைத்தான்.

ஆங்கிலத் தேர்விலும் இதே கதை. பல்கலைக்கழகத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். 6.5 போதும் என்பார்கள், அதோடு நிறுத்திவிடுவோம். என்.எம்.சி.க்கு எழுத்தில் 6.5, வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7 வேண்டும். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. என்றால் எழுத்தில் சி பிளஸ், மற்றவற்றில் பி. இரண்டு முறை காசு கட்டுவதற்குப் பதில், கூடுதலாகக் கேட்பவரின் மதிப்பெண்ணைக் குறி வைத்துப் படியுங்கள். வார்டு அனுபவம் உள்ளவர்களுக்கு ஓ.இ.டி. கொஞ்சம் கை கொடுக்கும். அதில் எழுதச் சொல்வது நோயாளியைப் பற்றிய கடிதம்.

அப்புறம் இந்த இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘பிரியா கே.’, பட்டச் சான்றிதழில் ‘கே. பிரியா’, பாஸ்போர்ட்டில் ‘பிரியா குப்புசாமி’, கல்யாணம் ஆகியிருந்தால் ஆதாரில் கணவர் பெயர். கே. என்பதும் குப்புசாமி என்பதும் ஒன்றுதான் என்று ஈரோட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுக் கவுன்சிலில் கோப்பைப் பார்ப்பவருக்கு அது மூன்று பேர். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஆங்கிலத் தேர்வுக்கும் விண்ணப்பத்துக்கும் எழுத்து மாறாமல் அதையே போடுங்கள். பழைய சான்றிதழ்களுக்கு நோட்டரி முன் எடுத்த அஃபிடவிட் ஒன்று கையில் இருக்கட்டும். படித்த பாடங்களும் மதிப்பெண்களும் அடங்கிய டிரான்ஸ்கிரிப்டையும் கடைசி வாரத்தில் கேட்டு வராதீர்கள். கல்லூரியில் வாங்கி, கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் வரை போய்வர வேண்டிய வேலை அது. அமெரிக்காவுக்கான சான்றிதழ் மதிப்பீட்டுக்கு அது படித்த இடத்திலிருந்தே நேராகப் போக வேண்டும், நீங்கள் அனுப்பும் கவர் செல்லாது.

ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தருவது எஸ்.ஓ.பி. நான் படித்துப் பார்க்கும் எஸ்.ஓ.பி.க்களில் பாதிக்கு மேல் விளக்கு ஏந்திய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலில்தான் தொடங்குகின்றன. ஒரே கடையில் தைத்த யூனிஃபார்ம் மாதிரி. இங்கே வேலை பார்த்தவர்களிடம் சொல்ல விஷயமா இல்லை? பூச்சி மருந்து குடித்துவிட்டு வரும் கேஸ் நம் பக்கத்து ஐ.சி.யூ.வில் புதிதல்ல. விஷமுறிவு மருந்தான அட்ரோபின் ஓடிக்கொண்டிருக்க, ராத்திரி முழுக்கக் கண்மணி விரிகிறதா, நெஞ்சில் சளிச் சத்தம் குறைகிறதா, அக்குள் காய்ந்திருக்கிறதா, நாடி 80க்கு மேல் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து சார்ட்டில் எழுதியது யார்? கிரிட்டிகல் கேர் படிக்கப் போகிறவள் அந்த ஒரு ராத்திரியை எழுதினால் போதும். போன வருடம் ஒருத்தியை உட்காரவைத்து அப்படி எழுத வைத்தேன். நாலு தரம் அடித்துத் திருத்தினாள், ஐந்தாவது நன்றாக வந்தது.

பணத்துக்கு வருவோம். பிரிட்டன் விசாவுக்குக் காட்டும் தொகை கணக்கில் 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். மஞ்சள் விற்ற பணத்தைப் போட்டுவிட்டு, இருபதாம் நாள் மச்சான் வீட்டுச் சீருக்கு ஐம்பதாயிரம் எடுத்து, மூன்று நாளில் திரும்பப் போட்டுவிட்டோமே என்றால் கணக்கு முதலிலிருந்து. அப்பா கணக்கைக் காட்டினால் உறவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அதில் பெயர் கட்டம் காலியாக இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். கடனுக்குத் தோட்டப் பத்திரத்தை நம்பியிருப்பவர்களும் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. விவசாய நிலத்தைக் கல்விக் கடனுக்கு ஈடாகப் பல வங்கிகள் எடுப்பதில்லை.

“கல்யாணத்தை முடிச்சுப்போட்டா மாப்பிள்ளையும் கூடவே போய்க்குவாரு” என்ற கணக்கும் இப்போது செல்லாது. ஆராய்ச்சி சாராத மாஸ்டர்ஸ் படிப்புக்கு 2024 ஜனவரி முதல் குடும்பத்தைக் கூட்டிப்போக பிரிட்டன் அனுமதிப்பதில்லை.

திரும்பி வந்து கல்லூரியில் பாடம் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. இங்கே எம்.எஸ்சி. நர்சிங் 2 வருடம், பிரிட்டனில் பெரும்பாலும் 1 வருடம். அங்கே வாங்கும் பட்டம் இங்குள்ளதற்குச் சமமா என்று டில்லியில் உள்ள இந்திய நர்சிங் கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வாங்கிக்கொண்டு அப்புறம் ஃபீஸ் கட்டுங்கள்.