மண்ணின் அதிர்வெண்ணை நீங்களே அளக்கலாம்: தொடங்குவோருக்கான எச்/வி செய்முறை

"12 மீட்டரில் கெட்டித்தரை வந்துவிடும், கவலைப்படாதீர்கள்" என்று கட்டடம் கட்டவிருந்த நண்பரிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். துளை போடும் இயந்திரம் 12ஐத் தாண்டியது, 20ஐத் தாண்டியது. குழாயில் வந்துகொண்டிருந்தது அதே சாம்பல் நிறக் களிமண்தான். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, என் முகத்தை மட்டும் பார்த்தார். தரையின் நடுக்கத்தை அளக்கும் என் கருவி சரியாகத்தான் வேலை செய்தது. அது காட்டிய வரைபடத்தை நான்தான் தப்பாகப் படித்திருந்தேன். அந்தத் தப்பு எங்கே நடந்தது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. அந்த இடம் வரும்போது நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன், மற்றதை வேகமாகக் கடந்துவிடலாம்.

முதலில், எதற்காக இந்த வேலை? 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் 8.0 அளவில் நிலம் அதிர்ந்தது. மெக்சிகோ நகரம் அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. அத்தனை தூரத்தில் பாதிப்பு சொற்பமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நகரத்தின் நடுப்பகுதி பழைய ஏரிப் படுகையின் மேல் நிற்கிறது. அந்த ஏரிக் களிமண் சுமார் 2 விநாடிக்கு ஒருமுறை ஆடும் தன்மை கொண்டது. வந்த அலைகளில் அந்தத் தாளத்தை மட்டும் பிடித்துப் பெருக்கியது. 6 முதல் 15 மாடி வரையிலான கட்டடங்கள்தான் அதிகம் சரிந்தன. அதே நகரத்தில் எரிமலைப் பாறைமேல் இருந்த பகுதிகள் பெரிய சேதமில்லாமல் தப்பின. அதிர்வு ஒன்றுதான், தரைதான் வேறு.

எனவே நம் கேள்வி இது: என் காலடியில் இருக்கும் மண் எந்த அதிர்வெண்ணில் ஆட விரும்புகிறது? இதை அளக்க நிலநடுக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வண்டி ஓட்டம், காற்று, கடல் அலை என்று எதனாலாவது தரை எப்போதும் கொஞ்சம் நடுங்கிக்கொண்டேதான் இருக்கிறது. கெட்டித்தரைமேல் மெத்தென்ற மண் இருந்தால், அந்த மண்ணுக்கே உரிய அதிர்வெண்ணில் கிடைமட்ட நடுக்கம் தூக்கலாகவும் செங்குத்து நடுக்கம் அடங்கியும் இருக்கும். கிடைமட்டத்தை (எச்) செங்குத்தால் (வி) வகுத்தால் அந்த அதிர்வெண்ணில் ஓர் உச்சி எழும். அப்படி வகுத்து வருவதுதான் எச்/வி விகிதம். ஜப்பானில் நோகோஷியும் இகராஷியும் 1971இலேயே இதைத் தொட்டார்கள். 1989இல் நாகமுரா எழுதியபிறகு உலகம் முழுக்கப் பரவியது.

படி 1: கருவி

மூன்று திசையும் அளக்கும் உணர்கருவி வேண்டும்: ஒரு செங்குத்து, இரண்டு கிடைமட்டம். செங்குத்து மட்டும் அளக்கும் மலிவு மாடலை வாங்கிவிட்டு வந்து கேட்காதீர்கள், அதை வைத்து எதையும் வகுக்க முடியாது. கைப்பேசியில் இருக்கும் முடுக்கமானியும் உதவாது. அதன் சொந்த இரைச்சலே தரையின் நடுக்கத்தை விழுங்கிவிடும். இதை நானே முயன்று ஒரு மாலையை வீணாக்கியவன்.

நான் பயன்படுத்துவது ராஸ்ப்பெரி ஷேக் 3டி என்ற சிறிய நில அதிர்வுமானி. அதில் இருப்பவை 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோன்கள் (தரை நடுக்கத்தை மின்குறிப்பாக மாற்றும் உணரிகள்) தான் என்றாலும், 1 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் ஓரளவு நம்பலாம்படி மின்னணு முறையில் நீட்டியிருக்கிறார்கள். மெக்சிகோ போல ஆழமான படுகை, 0.5 ஹெர்ட்ஸுக்கும் கீழே என்றால் இது போதாது, அகலப்பட்டை நில அதிர்வுமானியை இரவல் வாங்குங்கள். விலைகொடுத்து வாங்கச் சொல்லமாட்டேன்.

படி 2: வைப்பது

கருவியை மண்ணிலோ திடமான தரையிலோ நேராக வையுங்கள். ரசமட்டக் குமிழி நடுவில் நிற்க வேண்டும், வடக்குக் குறி வடக்கைப் பார்க்க வேண்டும். புல்லின் மேல் வைத்தால் காற்று வீசும்போதெல்லாம் அது உருண்டு ஆடும். அடியில் ரப்பர், பஞ்சு எதையும் போடாதீர்கள். மரம், கம்பம், உயரமான கட்டடம் ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள், காற்றில் அவை ஆடுவது வேர் வழியாகவும் அடித்தளம் வழியாகவும் தரைக்கு இறங்கும். நிலத்தடித் தொட்டி, வடிகால் மேல் வைக்கக்கூடாது. கருவியைச் சுற்றி நடக்கவும் கூடாது. தேநீர் குடிக்கப் போவதானால் தள்ளிப் போய்க் குடியுங்கள்.

காற்று பலமாக இருந்தால் வேறு நாள் போங்கள். குறைந்த அதிர்வெண் பகுதி முழுக்க நாசமாகிவிடும்.

படி 3: எவ்வளவு நேரம்

செசாமி என்ற ஐரோப்பியத் திட்டம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டிதான் இந்த வேலையில் எல்லோருக்கும் கையேடு. 1 ஹெர்ட்ஸ் எதிர்பார்த்தால் குறைந்தது 10 நிமிடம், 0.2 ஹெர்ட்ஸ் என்றால் 30 நிமிடம் என்று அதில் இருக்கிறது. என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் நாம் ஏன் அளக்கப் போகிறோம்? எப்போதும் 30 நிமிடம் ஓடவிடுங்கள். ஒரே மனையில் மூன்று இடத்திலாவது அளந்துவிடுங்கள்.

படி 4: மென்பொருள்

இலவசமாகக் கிடைக்கும் ஜியாப்சி போதும். பைதான் பழகியவர்களுக்கு எச்விஎஸ்ஆர்பை இருக்கிறது, ஆனால் முதல்முறை செய்பவர்கள் ஜியாப்சியில் கண்ணால் பார்த்துப் பழகுவதே நல்லது என்பேன். கருவி பதிவுசெய்த மினிசீட் வகைக் கோப்புகள் மூன்றையும் திறந்து எது செங்குத்து, எது வடக்கு, எது கிழக்கு என்று சரிபாருங்கள். கோப்பில் பதிவாகும் நேரம் உலகப் பொது நேரம், உங்கள் கைக்கடிகாரத்து நேரம் அல்ல.

பதிவைச் சிறு துண்டுகளாக, அதாவது சாளரங்களாக, வெட்டிக் கணக்கிட வேண்டும்; சாளர நீளம் 30 விநாடி. யாரோ பக்கத்தில் நடந்தது, வண்டி கடந்தது போன்ற திடீர்த் துள்ளல்கள் இருக்கும் சாளரங்களை நீக்குங்கள். தானியங்கி வடிகட்டி இருக்கிறது, அதன்பிறகும் கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மெருகூட்டலுக்கு, அதாவது வளைகோட்டின் சிறு நெளிவுகளைச் சமன்செய்ய, கொன்னோ-ஓமாச்சி முறை, பட்டை மதிப்பு 40. கணக்கிடு பொத்தானை அழுத்தினால் வளைகோடு வந்துவிடும்.

படி 5: இங்கேதான் நான் விழுந்தேன்

என் வளைகோட்டில் இரண்டு மேடுகள். 1.6 ஹெர்ட்ஸில் அகலமான, சுமாரான உயரமுள்ள ஒன்று. 4.1 ஹெர்ட்ஸில் அதைவிட உயரமான, அழகான ஒன்று. எது உயரமோ அதுதானே உச்சி என்று 4.1ஐ எடுத்துக்கொண்டேன். மண்ணைப் பக்கவாட்டில் ஆட்டிச் செல்லும் வெட்டு அலையின் வேகம் விநாடிக்கு 200 மீட்டர் என்று வைத்து, கெட்டித்தரையின் ஆழத்துக்காக வேகத்தை அதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுத்தேன். 200 ÷ (4 × 4.1) = 12.2 மீட்டர். நண்பரிடம் சொன்ன 12 அதுதான்.

துளை பொய்த்தபிறகு ராத்திரி உட்கார்ந்து பழைய கோப்பையே திரும்பத் திறந்தேன். இந்தமுறை விகிதத்தை விட்டுவிட்டு, மூன்று திசைகளின் நிறமாலைகளை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு நடுக்கம் என்று காட்டும் கோடுகளை, தனித்தனியாக ஒரே படத்தில் போட்டேன். பார்த்ததும் புரிந்தது. 4.1இல் மூன்று கோடுகளுமே, செங்குத்து உட்பட, ஊசிபோல் மேலே குத்திக்கொண்டு நின்றன. 1.6இலோ செங்குத்துக் கோடு கீழே தொய்ந்து, கிடைமட்டக் கோடுகள் அதற்கு மேலே வளைந்து, இரண்டுக்கும் நடுவே ஒரு கண் வடிவம் திறந்திருந்தது. மண்ணின் உச்சி அப்படித்தான் இருக்கும். மூன்று திசையிலும் ஊசியாகக் குத்துவது இயந்திரம்.

ஆனால் முதல்முறை ஏன் அது ஊசியாகத் தெரியவில்லை? மெருகூட்டல்தான் காரணம். பட்டை மதிப்பு 40 அந்த ஊசியை உருட்டி மேடாக்கியிருந்தது. கொன்னோ-ஓமாச்சியில் எண் கூடினால் மெருகு குறையும், இது தலைகீழாக இருப்பதால் பலரும் குழம்புவார்கள். 40ஐ 100 ஆக்கினேன், மேடு ஒடுங்கியது. 200 ஆக்கினேன், ஒற்றைக் கோடாகிவிட்டது. மண்ணின் உச்சியை அப்படிச் சீவ முடியாது, எண்ணை மாற்றினாலும் அது அகலமாகவே உட்கார்ந்திருக்கும்.

4.1ஐ 60ஆல் பெருக்குங்கள்: நிமிடத்துக்கு 246 சுற்று. இரண்டு மனை தள்ளி ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் பெரிய குளிர்விப்பு விசிறி ஒன்று சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. விடுமுறை நாள் விடியற்காலை, அது ஓடாத நேரத்தில் மறுபடி அளந்தேன். 4.1 இருந்த இடமே தெரியவில்லை. 1.6 அசையாமல் இருந்தது.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் மூன்று நிறமாலைகள், அடுத்து மெருகை மாற்றிப் பார்த்தல், முடிந்தால் வேறு நேரத்தில் இன்னோர் அளவீடு. விகித வளைகோட்டைப் பார்ப்பது கடைசியில்தான்.

படி 6: உச்சி நம்பத்தக்கதா

செசாமி வழிகாட்டியில் பல சோதனைகள் உண்டு. நான் முதலில் பார்ப்பவை மூன்று. ஒன்று, சாளர நீளத்துக்குள் குறைந்தது 10 சுழற்சியாவது அடங்க வேண்டும். இரண்டு, எல்லாச் சாளரங்களையும் சேர்த்து 200 சுழற்சிக்கு மேல் இருக்க வேண்டும். எனக்கு 1.6 ஹெர்ட்ஸில் 30 விநாடிக்கு 48 சுழற்சி, ஐந்து சாளரத்திலேயே 240 ஆகிவிட்டது. மூன்று, உச்சியின் உயரம் 2ஐத் தாண்டி, இருபுறமும் வளைகோடு அதில் பாதிக்குக் கீழே இறங்க வேண்டும்.

உச்சியின் உயரம் 5 என்றால் நிலநடுக்கத்தில் அதிர்வு 5 மடங்கு பெருகும் என்று எழுதிவிடாதீர்கள். அதிர்வெண்ணை நம்பலாம், உயரத்தை அப்படியே பெருக்க எண்ணாக எடுத்துக்கொள்ள முடியாது.

படி 7: ஆழமும் மாடிகளும்

ஆழத்தை ஒற்றை எண்ணாகச் சொல்லாதீர்கள். 1.6 ஹெர்ட்ஸுக்கு, வேகம் 150 என்றால் 23 மீட்டர், 250 என்றால் 39 மீட்டர். நண்பரின் மனையில் கெட்டித்தரை கடைசியில் 28 மீட்டரில் வந்தது. திருப்பிக் கணக்கிட்டால் வேகம் சுமார் 180. மெத்தென்ற களிமண்ணுக்குப் பொருந்துகிற எண்தான். இப்படி ஒரே ஒரு துளை கையில் இருந்தால், அதே மண் தொடரும்வரை சுற்றியுள்ள இடங்களின் ஆழத்தை எச்/வி வைத்தே ஓரளவு மதிப்பிடலாம்.

கட்டடத்துக்கு ஒரு தோராயக் கணக்கு: மாடி எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் ஆடும் காலம் விநாடியில் கிடைக்கும். 1.6 ஹெர்ட்ஸ் என்பது 0.63 விநாடி, அதாவது ஏறக்குறைய ஆறு மாடி. நண்பர் போட்டிருந்த திட்டமும் ஆறு மாடி. மண்ணும் கட்டடமும் ஒரே தாளத்தில் ஆடினால் ஆட்டம் பெருகும். இதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் சொன்னதும் அவர் வரைபடத்தை மடித்துவைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். ஐந்து மாடியும் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். பலமாகக் குலுங்கும்போது விரிசல் விடும் கட்டடத்தின் காலம் நீளும், மண்ணும் பெரும்பாலும் தளர்ந்து தன் அதிர்வெண்ணைக் குறைத்துக்கொள்ளும். மெக்சிகோவில் 2 விநாடி மண்மேல் 20 மாடிக்கும் குறைவானவை விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த முறைக்குத் தெரியாதது

நீரில் ஊறிய மண் குலுங்கும்போது குழம்பாவதை எச்/வி காட்டாது. 1964இல் நிகாட்டாவில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் உடையாமல் அப்படியே சாய்ந்து படுத்தன, அடியில் இருந்தது நீரில் ஊறிய தளர்ந்த மணல். உங்கள் மனையில் மணலும் மேலேயே நீர்மட்டமும் இருந்தால் துளை போட்டு எஸ்பிடி சோதனை செய்தே ஆக வேண்டும்: 63.5 கிலோ சுத்தியல் 76 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்து, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ணுவார்கள். அடி எண்ணிக்கை குறைவு என்றால் அஸ்திவாரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் மண்ணைப் பற்றி யோசியுங்கள்.

பின்சேர்க்கை 1: தட்டையான வளைகோடு வந்தது, அடியில் பாறைதானே என்று இருவர் கேட்டிருந்தார்கள். பாறையாக இருக்கலாம். மண் ஆழம் போகப்போக மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே போனாலும், திடீர் வேறுபாடு இல்லாததால் தட்டையாகத்தான் வரும். உச்சி இல்லை என்பதால் கெட்டி என்று ஆகிவிடாது.

பின்சேர்க்கை 2: ஒருவர் மூன்றாவது மாடி அறையில் அளந்து 3 ஹெர்ட்ஸ் என்று அனுப்பியிருந்தார். ஐயா, அது உங்கள் கட்டடம் ஆடும் அதிர்வெண். கீழே இறங்கி, கட்டடத்தை விட்டுத் தள்ளிப்போய் அளங்கள். அந்தப் பழைய கோப்பை அழித்துவிடாதீர்கள், மண்ணின் எண் கிடைத்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

பின்சேர்க்கை 3: காங்கிரீட் தளத்தின் மேல் வைத்தவர்களுக்கு, அதிக அதிர்வெண் பக்கம் வளைகோடு நீண்ட தூரம் 1க்குக் கீழே தொங்குகிறது என்று புகார். மேலே கெட்டி, கீழே மெத்து என்று தலைகீழாக இருப்பதால் வருவது அது. தளத்தின் ஓரத்துக்குப் போய் வெறும் மண்ணில் இன்னொருமுறை அளங்கள். குறைந்த அதிர்வெண் உச்சி இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றால் அதை எடுத்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை 4: வடக்கு, கிழக்குக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று துல்லியமாகப் பொருந்துகின்றன, என்ன அருமையான மண் என்று ஒருவர் மகிழ்ந்து எழுதியிருந்தார். கோப்பை வாங்கிப் பார்த்தேன். வடக்குக் கோப்பையே இரண்டுமுறை ஏற்றியிருந்தார்.