கறுப்பெல்லாம் கரிசல் அல்ல: குளிர்ப் பள்ளத்தாக்குப் புல்வெளி மண்ணைக் குழி வெட்டிப் பார்ப்பது எப்படி?

மலைகளுக்கு நடுவே இருந்த ஒரு குளிர்ந்த புல்வெளியில் முதன்முதலாகக் குழி வெட்டியபோது, வந்த மண் கன்னங்கரேலென்று இருந்தது. கறுப்பு என்றாலே கரிசல், கரிசல் என்றாலே களி. கை தானாகக் குறிப்பேட்டில் 'களிமண்' என்று எழுதிவிட்டது. அன்றைக்கு ஐந்து குழிகள், ஐந்திலும் அதையே எழுதினேன். சாயங்காலம் ஓடையில் கை கழுவினால், ஒரு முக்கில் மண் எல்லாம் மாவு மாதிரி கரைந்து போய்விட்டது. கூட வந்த மூத்தவர் சிரித்தார். "களியா இருந்தா இந்நேரம் நகக்கண்ணைச் சுரண்டிக்கிட்டு இருப்பே தம்பி. இது வண்டல்." மணலைவிடப் பொடியாகவும் களியைவிடப் பருமனாகவும் இருக்கிற துகளைத்தான் அவர் வண்டல் என்றார். மறுநாள் ஐந்து குழிகளையும் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று.

இந்த மண்ணைக் கண்ணால் எடைபோடாதீர்கள். விரலுக்கு வேலை கொடுங்கள், ஆழமாகவும் போங்கள்.

கையில் வேண்டியவை கொஞ்சம்தான்: நேரான மண்வெட்டி, அளவு நாடா, தண்ணீர் தெளிக்கும் குப்பி, மூடியுள்ள கண்ணாடிச் சீசா, சிறு புட்டியில் வினிகர், நீளமான மண் வெப்பமானி, தார்ப்பாய் இரண்டு. தார்ப்பாயை மறந்துவிட்டுப் போகாதீர்கள். மேல்மண் ஒன்றிலும் அடிமண் இன்னொன்றிலும் போனால்தான் திரும்ப மூடும்போது வரிசை மாறாது.

ஓடைக்கரையிலும் மலைச்சரிவின் அடியிலும் வெட்ட வேண்டாம். ஒன்றில் புதுமணல் வரும், மற்றொன்றில் உருண்டு வந்த கல் வரும். இரண்டுக்கும் நடுவே, வெள்ளம் எட்டாத மேட்டுத் தளம்தான் சரியான இடம். புல்லை வேரோடு ஒரே பாளமாகச் சீவி எடுத்து, பச்சை மேலே பார்க்க நிழலில் வையுங்கள். குழி ஒரு மீட்டர் ஆழம் இருந்தால் நல்லது. வெயில் படும் பக்கத்தின் சுவரைக் கத்தியால் சுரண்டிப் புதுமுகமாக்கிவிட்டுப் பாருங்கள், மண்வெட்டி இழுத்த பூச்சு எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

மேலே முதலில் வருவது வேர்ப்பின்னல். அந்தப் பாளத்தின் ஓரத்தைப் பிடித்து லேசாக உதறினால் கடுகளவும் மிளகளவுமாக மண்ணுருண்டைகள் உதிரும், பாதி வேரிலேயே தொங்கும். கறுப்புக்கான காரணமும் அங்கேதான் இருக்கிறது. காட்டில் இலை மேலே விழுந்து மேலேயே மட்குகிறது. புல்வெளியில் ஆண்டுதோறும் வேரின் ஒரு பங்கு மண்ணுக்குள்ளேயே செத்து மட்குகிறது. குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாக வேலை செய்வதால் அந்த மட்கு தீர்வதற்குள் அடுத்த ஆண்டுப் பங்கு வந்து சேர்ந்துவிடும். சுண்ணச்சத்து நிறைந்த இப்படிப்பட்ட கருமண்ணை அமெரிக்க வகைப்பாட்டில் மாலிசால் என்பார்கள். மண்ணின் நிறத்தை எண்ணால் சொல்லும் மன்செல் நிற அட்டை இருந்தால் ஈர மண்ணை அதன் பக்கத்தில் பிடியுங்கள்: நிற மதிப்பும் (எவ்வளவு வெளிர்) செறிவும் (எவ்வளவு பளிச்) இரண்டுமே 3 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். கறுப்பு எந்த ஆழம் வரை போகிறது என்பதையும் அளந்து எழுதுங்கள். மாலிசால் என்று சொல்லப் பெரும்பாலும் 25 செ.மீ.க்குக் குறையாமல் கேட்பார்கள்.

இனி விரல் சோதனை. எலுமிச்சம்பழ அளவு மண்ணைக் கையில் எடுத்து, கல்லையும் வேரையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து ஒரு நிமிடம் பிசையுங்கள். கரகரவென்று உரசினால் மணல். விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் களி. முகப்பவுடரைக் குழைத்த மாதிரி வழவழவென்று இருந்து, ஆனால் ஒட்டாமல் இருந்தால் வண்டல். அப்புறம் கட்டைவிரலால் ஆள்காட்டி விரல்மேல் நாடா போலத் தள்ளுங்கள். வண்டல் மிகுந்த மண் 2.5 செ.மீ. எட்டுவதற்குள் உடைந்து விழும். நல்ல களி 5 செ.மீ. தாண்டியும் பளபளப்பாக நீளும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மட்குகூட விரலுக்கு வழவழப்பாகவே படும். அதனால் மேல்மண்ணை மட்டும் பிசைந்து முடிவு சொல்லாதீர்கள், 40 செ.மீ. ஆழத்து மண்ணையும் பிசையுங்கள். (பல்லில் வைத்துக் கடித்து வண்டலையும் களியையும் பிரித்துச் சொல்கிறவர்கள் உண்டு. மாடு மேய்ந்த நிலம் என்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.)

சந்தேகம் தீராவிட்டால் சீசா. மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள். மட்கு கட்டிய உருண்டைகள் லேசில் கரையாது, ஆகவே இரவு முழுக்க ஊறட்டும். காலையில் ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி வைத்துவிட்டு, ஒரு நிமிடத்தில் ஒரு கோடு, இரண்டு மணி நேரத்தில் ஒரு கோடு, தண்ணீர் தெளிந்தபின் ஒரு கோடு போடுங்கள். முதல் கோட்டுக்குக் கீழே மணல், அடுத்தது வண்டல், மேலே களி. நடுப்பட்டை பாதிக்கு மேல் இருந்தால் விரல் சொன்னது சரி. அந்த நடுப்பட்டையின் துகள் ஒவ்வொன்றும் 0.05 முதல் 0.002 மி.மீ. வரைதான்.

இனி குழியின் கீழ்ப்பாதி. கறுப்பு பழுப்பாக மாறும், உருண்டை மண் முனையுள்ள கட்டிகளாகும். இன்னும் கீழே வெள்ளை நூல் மாதிரி ஓடினால் அங்கே வினிகரைச் சொட்டிக் காதைக் கொடுங்கள். மெல்லிய சீற்றம் கேட்டால் அது சுண்ணாம்பு. பனியுருகிய நீரும் மழையும் வழக்கமாக எவ்வளவு ஆழம் இறங்குகின்றன என்பதற்கு அது ஒரு கோடு. மழை அதிகமான பள்ளத்தாக்கில் சுண்ணாம்பு மொத்தமும் கழுவிப் போயிருக்கும். சாம்பல் நிறத்தில் துருப்புள்ளிகள் தெரிந்தால் ஆண்டில் சில காலம் அந்த ஆழத்தில் நீர் நிற்கிறது. பழுப்பு அடிமண்ணில் தட்டு மாதிரி வட்டமாகக் கருந்திட்டு இருந்தால் குழம்பாதீர்கள். வளை தோண்டும் விலங்கு விட்டுப்போன வளையில் மேல்மண் இறங்கி அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

எந்த ஆழத்தில் கூழாங்கல் தட்டுகிறது என்பதை அவசியம் குறியுங்கள். பல பள்ளத்தாக்குகளில் ஆற்றுக் கூழாங்கல் மேல்தான் இந்த வண்டல் படிந்திருக்கும். வண்டல் ஒரு மீட்டர் இருந்தால் ஏறக்குறைய 200 மி.மீ. மழைக்குச் சமமான நீரைப் புல்லுக்காகப் பிடித்து வைத்திருக்கும். 40 செ.மீ.யிலேயே கல் வந்தால் கணக்கு அங்கேயே சுருங்கிவிடும்.

வெப்பமானியை 50 செ.மீ. ஆழத்தில் செருகிப் பத்து நிமிடம் விடுங்கள். ஒரு நாள் அளவு எதையும் முடிவு செய்யாது. அந்த ஆழத்தில் ஆண்டுச் சராசரி 8 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்து, கோடையிலும் சூடேறாவிட்டால்தான் அதைக் குளிர்மண் என்கிறார்கள். இரவில் குளிர்காற்று சரிவில் வழிந்து வந்து பள்ளத்தில் தேங்குவதால், அடிவாரம் சரிவைவிடக் குளிராக இருப்பது உண்டு.

இந்த மண்ணில் வேலிக்கால் நடப்போகிறவர் உறைபனியை மறக்கக்கூடாது. மணல் நீரை மேலே உறிஞ்சாது. களி உறிஞ்சும், ஆனால் நகர விடாது. வண்டலோ உறிஞ்சவும் செய்யும், வேகமாக அனுப்பவும் செய்யும். அதனால் உறையும் அடுக்குக்குக் கீழிருந்து நீர் வந்துகொண்டே இருக்க, பனிக்கட்டித் தகடுகள் தடித்து வேலிக்காலையே தூக்கிவிடும். உறையும் ஆழத்துக்குக் கீழே ஊன்றுங்கள்.

பனி உருகும் மாதங்களில் மாட்டையும் வண்டியையும் விடுவதற்கு முன் 10 செ.மீ. ஆழத்து மண்ணை உருண்டை பிடித்து விரலால் குத்திப் பாருங்கள். உடைந்தால் விடலாம். பள்ளம் மட்டும் விழுந்தால் இன்னும் பொறுங்கள், மிதித்தால் இறுகிப்போகும். புல் கிழிந்த இடத்தில் இந்த வண்டலுக்குக் கனமும் இல்லை, ஒட்டும் இல்லை. மழை அடித்தால் மேலே ஓடு கட்டும், ஓடு மேல் ஓடும் நீர் அரித்துக்கொண்டு போகும்.

ஆகவே நீங்கள் வெட்டிய குழியையும் ஒழுங்காக மூடுங்கள். முதலில் அடிமண், 20 செ.மீ.க்கு ஒருமுறை மிதித்து. பிறகு கருமண். கடைசியாகப் புல்பாளம், இடைவெளி தெரியாமல் நெருக்கி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி. நான்கு விரல் உயரம் மேடாகவே விடுங்கள், ஒரு குளிர்காலம் போனால் அது தானாக அமுங்கிவிடும்.