பழைய காருக்கு பிரேக் சாமான் வாங்கப் போறீங்களா, இதப் பாத்துட்டு போங்க

"அண்ணாச்சி, மாருதி 800-க்கு ஒரு செட் பேடு குடுங்க"ன்னு கேட்டா கடைக்காரர் என்ன செய்வாரு, கைக்கு எட்டுன டப்பாவ எடுத்து நீட்டுவாரு. 800 வந்தது 1983-ல, நின்னது 2014-ல, அதுக்குள்ள எத்தன மாத்தம். அம்பாசடர எடுத்துக்கிட்டா பழசுல நாலு வீலும் டிரம்மு பிரேக்கு, பிந்தி வந்ததுல முன்னாடி டிஸ்க்கு பிரேக்கு உள்ளதும் உண்டு. சில மாடல்ல பேட வச்சு டிஸ்க்க கவ்வுத காலிப்பரே ரெண்டு கம்பெனிது வரும், கிர்லிங்னு ஒண்ணு கேபிஎக்ஸ்னு ஒண்ணு, ஒண்ணோட பேடு இன்னொண்ணுல உக்காராது. அதனால மாடல் பேர மட்டும் சொல்லி வாங்காதீங்க.

ஆர்சி புக்க கையோட கொண்டு போங்க. ரிஜிஸ்டர் பண்ணுன வருசத்த சொல்லக்கூடாது, வண்டி தயாரான மாசம் வருசம் அதுல இருக்கும் பாருங்க, அதையும் சேசிஸ் நம்பரையும் சொல்லணும். அதவிட நல்லது மெக்கானிக்க விட்டு வீல கழத்தி பழைய சாமானையே எடுத்துட்டு போறது. பாக்கெட்ட கிழிக்கதுக்கு முன்னாடி பழசையும் புதுசையும் ஒட்டி வச்சுப் பாருங்க, கிழிச்சுட்டா திருப்பி எடுக்க மாட்டாவ.

டிரம்முக்குள்ள ஷூவ, அதான் லைனிங் ஒட்டுன தகட்ட, தள்ளுத வீல் சிலிண்டர்லதான் நெறைய பேரு ஏமாந்து போறாவ. வெளிய பாத்தா ரெண்டு அளவு சிலிண்டரும் ஒண்ணுபோலத்தான் இருக்கும், ஆனா ஒண்ணுக்கு உள்விட்டம் 17.46 மில்லிமீட்டர், அதாவது 11/16 இஞ்சு, இன்னொண்ணுக்கு 19.05, முக்கா இஞ்சு. ஒன்றரை மில்லிமீட்டர்ல என்ன வந்துரப் போவுதுன்னு நெனைக்காதீங்க, பெருசு போட்ட பக்கம் ஷூவ தள்ளுத பலம் கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடிரும், மழைல மிதிச்சா அந்த வீலு மட்டும் முதல்ல பூட்டிக்கிட்டு வண்டி பின்னாடி அலைபாயும். அளவு பெரும்பாலும் சிலிண்டர் உடம்புலயே அடிச்சிருக்கும், துருவத் தொடச்சுட்டுப் பாருங்க. இல்லன்னா வெர்னியர் வச்சு அளக்கச் சொல்லுங்க.

பேடு, லைனிங் எல்லாம் ரானே, சுந்தரம் மாதிரி தெரிஞ்ச கம்பெனில எடுத்தா போதும், பெட்டில கார் கம்பெனிப் பேருதான் வேணும்னு அடம்பிடிக்க வேண்டாம். ஆனா ரப்பர் சாமான்ல, அதான் ஹோஸ், சிலிண்டர் கிட்டு இதுலல்லாம் நூறு எரநூறு மிச்சம் பிடிக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். பழைய மாடலுக்கு உள்ளது கடையிலயே வருசக்கணக்கா கெடக்கும், வளச்சுப் பாத்தா மேல வெடிப்பு தெரியும், அத வாங்காதீங்க. உவரி, திருச்செந்தூர் பக்கம் உள்ள வண்டின்னா உப்புக்காத்துல இரும்புப் பைப்பும் ஏர் எடுக்குத நிப்பிளும் துருவேறி கெடக்கும், அதையும் சேத்தே பாத்துக்கிடுங்க. வண்டிய ஷெட்டுல போட்டுட்டு துபாய் போயிட்டு வாரவங்களுக்கு காலிப்பர் பிஸ்டன் ஒட்டிருக்கும், அப்ப பேட மட்டும் மாத்தி ஒரு பிரயோசனமும் இல்ல.

டிரம்முல இவ்வளவுதான் கடையலாம்னு ஒரு அளவு போட்டிருக்கும், டிஸ்க்குலயும் இதுக்குக் கீழ தேயக்கூடாதுன்னு இருக்கும். அதத் தாண்டிட்டா லேத்துக்கு கொண்டு போவாதீங்க, புதுசு வாங்கிருங்க. எது மாத்துனாலும் ரெண்டு பக்கமும் சேத்து மாத்தணும். பழைய லைனிங் தூசிய காத்தடிச்சு ஊத வேண்டாம், அந்தக் காலத்துல அதுல ஆஸ்பெஸ்டாஸ் போட்டாங்க, ஈரத்துணி வச்சு தொடச்சாப் போதும்.

வண்டில பிரேக் ஆயிலு ஊத்துத தொட்டி மூடில போட்டிருக்க டாட் (DOT) நம்பரப் பாத்து ஆயிலு வாங்குங்க, 3-ம் 4-ம் சேந்துக்கிடும், 5-ன்னு உள்ளது சிலிக்கான், அது சேராது. எஞ்சின் ஆயில ஊத்துனா உள்ள உள்ள ரப்பர் அத்தனையும் ஊதிப் போயிரும்வே. பிரேக் ஆயிலு காத்துல உள்ள ஈரத்த இழுக்கும், அதனால சீல் உடைக்காத சின்ன டப்பா வாங்குறதுதான் சரி, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும்.

புதுசு மாட்டுன அன்னைக்கே பாபநாசம் மேல காரையாறு மலை ரோட்டுக்கு வண்டிய ஏத்திராதீங்க. ஆளில்லாத ரோட்டுல அறுபது கிலோமீட்டர் வேகத்துல இருந்து இருபதுக்கு மெதுவா பத்துத் தடவ பிரேக்க மிதிச்சு விடுங்க, நடுவுல ஆற விடணும், சுத்தமா நிறுத்தக்கூடாது, அப்பத்தான் பேடு டிஸ்க்கோட படியும்.