பெங்களூரிலிருந்து லிஸ்பனுக்கு: மலிவு டிக்கெட் எங்கே காலை வாரும்?

பெங்களூரிலிருந்து போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, ஃபிராங்க்ஃபர்ட், பாரிஸ் என்று எங்கேயாவது இறங்கி ஏறியே ஆக வேண்டும். விலை பார்க்கும்போது நம் கண் புறப்படும் ஊரையும் போய்ச் சேரும் ஊரையும் மட்டுமே பார்க்கிறது. பணம் கரைவதோ பெரும்பாலும் நடுவில் இருக்கும் அந்த இடத்தில்தான்.

பாரிஸ் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து லிஸ்பனுக்கு மலிவு விமானத்தில் இன்னொரு டிக்கெட் என்று பிரித்து வாங்கினால் ஆயிரக்கணக்கில் மிச்சம் என்று ஒயிட்ஃபீல்டு அலுவலகங்களில் யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டேதான் இருப்பார். கணக்கு சரிதான், முதல் விமானம் நேரத்துக்குப் போய்ச் சேரும் வரை. அது மூன்று மணி நேரம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. நீங்கள் வரவில்லை என்று குறித்துக்கொண்டு விமானம் கிளம்பிவிடும். அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்குவது உங்கள் பாடு. பெட்டிகளும் தாமாக மாறாது. இமிகிரேஷன் முடித்து, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மறுபடி வரிசையில் நின்று ஒப்படைக்க வேண்டும்.

அதிலும் தேடல் தளங்களில் 'பாரிஸ்' என்று போட்டிருப்பது எந்தப் பாரிஸ் என்று பார்க்காமல் வாங்குபவர்கள் உண்டு. பெங்களூர் விமானம் இறங்கும் சார்ல் தெ கோல் நகரின் வடகிழக்கில் இருக்கிறது; ஓர்லி விமான நிலையம் தெற்கில். மலிவு நிறுவனங்கள் பயன்படுத்தும் பொவே, பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. குழந்தைகளையும் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவதற்கு ஆகும் செலவைக் கூட்டிப் பாருங்கள், மிச்சம் எவ்வளவு என்று தெரியும். லண்டனில் இப்படிப் பிரித்து வாங்கினால் பிரிட்டன் விசாவும் வேண்டும். கையில் இருக்கும் ஷெங்கன் விசா, அதாவது போர்ச்சுகல், பிரான்ஸ், ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா, அங்கே செல்லாது. மும்பை, டெல்லி வரை உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாக எடுப்பதும் இதே கதைதான். மும்பையில் முதல் முனையமும் இரண்டாம் முனையமும் வேறு வேறு இடங்கள், நடுவில் ஊர்ச் சாலை.

ஒரே டிக்கெட்டாக இருந்தால், இணைப்பு விமானம் தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. 2004ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதி 261 இன்னும் ஒரு படி மேலே போகிறது. நிறுவனத்தின் தவறால் இறுதி ஊருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், இவ்வளவு நீண்ட பயணத்துக்கு ஆளுக்கு 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எல்லா நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். இங்கிருந்து அங்கே போகும்போது ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மட்டும். வளைகுடா விமானத்தில் போகும்போது கிடைக்காத உரிமை, அதே விமானத்தில் திரும்பும்போது கிடைக்கும். ஐரோப்பிய நிறுவனத்தின் டிக்கெட் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இதையும் எடை போட்டுப் பாருங்கள்.

அடுத்தது நமக்கென்றே அமைந்த தலைவலி: இனிஷியல். ஆதாரில் 'முருகன் எஸ்', பள்ளிச் சான்றிதழில் 'எஸ். முருகன்', பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. டிக்கெட் படிவமோ கடைசிப் பெயரைக் கொடுக்காமல் அடுத்த பக்கத்துக்கே விடாது. அவசரத்தில் 'எஸ்' என்று தட்டிவிடுவார்கள், அல்லது பாஸ்போர்ட்டில் இல்லாத அப்பா பெயரைப் போடுவார்கள். காலிக் கட்டத்துக்கு என்ன எழுத வேண்டும் என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் மாறுகிறது. சிலர் இயற்பெயரையே இரண்டு முறை எழுதச் சொல்வார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே அவர்கள் தளத்தில் படித்துவிடுங்கள். போகிற வழியில் துபாயில் இரண்டு நாள் தங்கலாம் என்று நினைக்கும் ஒற்றைப் பெயர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதற்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. விமான நிலையத்துக்கு உள்ளேயே மாறிப் போவதும் ஊருக்குள் போவதும் ஒன்றல்ல.

குடும்பமாகத் தேடுபவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். ஒரே வகுப்பில் உள்ள இருக்கைகளையும் நிறுவனங்கள் பல விலைக் கட்டுகளாகப் பிரித்தே விற்கின்றன. மலிவான கட்டில் இரண்டு இருக்கைகள்தான் மீதி என்றால், நான்கு பேருக்குத் தேடும்போது பெரும்பாலும் நால்வருக்குமே அடுத்த கட்டின் விலையைத்தான் காட்டும். ஒருவருக்கு, இருவருக்கு, நால்வருக்கு என்று மாற்றித் தேடுங்கள். ஆள் ஒன்றுக்கு விலை மாறினால் இரண்டு இரண்டாக வாங்கலாம். பிறகு நிறுவனத்தைத் தொடர்புகொண்டு இரண்டு பதிவுகளையும் சேர்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் விலை குறையும் என்பதையெல்லாம் நம்பி விழித்திருக்க வேண்டாம்.

விசா வருவதற்கு முன் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்குவது சூதாட்டம். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைந்தால் ஏற்க மாட்டார்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, மறுத்தாலும் திரும்பாது. லிஸ்பனில் இறங்கி மாட்ரிடிலிருந்து திரும்புவது பல நேரம் நல்ல யோசனை. ஆனால் ஸ்பெயினில் அதிக இரவுகள் தங்குவதாக இருந்தால் விண்ணப்பம் ஸ்பெயினிடம்தான் போக வேண்டும். டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு விண்ணப்பத்தை அதற்கேற்ப வளைக்கப் பார்ப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நாள் தேர்வில் என் வாக்கு பிப்ரவரிக்கே. லிஸ்பனில் மழை இருக்கும், ஆனால் எலும்பை நடுக்கும் குளிர் இல்லை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருந்தால் கோடை விடுமுறையின் கூட்டத்தோடுதான் போயாக வேண்டும், வேறு வழியில்லை. நவம்பரில் வெப் சம்மிட் தொழில்நுட்ப மாநாடு நடக்கும் வாரத்தை மட்டுமாவது தவிர்த்துவிடுங்கள். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை அறை வாடகை விழுங்கிவிடும்.

பணம் கட்டும் பக்கத்தில் 'ரூபாயில் செலுத்தலாமா' என்று ஐரோப்பியத் தளம் கேட்டால் பெரும்பாலும் யூரோவே மேல். ரூபாய்க்கு மாற்றும் விகிதத்தை அவர்கள் தங்களுக்குச் சாதகமாகவே வைத்திருப்பார்கள். லிஸ்பனிலிருந்து மலிவு விமானத்தில் கிளம்புகிறவர்கள் எந்த முனையம் என்பதையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பல இரண்டாம் முனையத்திலிருந்து கிளம்புகின்றன. மெட்ரோ ரயில் முதல் முனையத்தில் விட்டுவிடும். அங்கிருந்து விமான நிலையத்தின் இலவசப் பேருந்தில் போக வேண்டும். அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.