ஒரு பாடலின் மறுபதிவு வரலாற்றைத் தொகுக்கும் முறை

அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே தோன்றிய ரிதம் அண்ட் ப்ளூஸ் பாணியில் அமைந்த மெதுநடைப் பாடல் ஒன்றின் வரலாற்றை எழுத விரும்புபவர், மிகவும் புகழ்பெற்ற பதிவை விடுத்து, முதல் இசைத்தட்டிலிருந்தே தொடங்க வேண்டும். எடுத்துக்காட்டாக, அமெரிக்கப் பாடகி எட்டா ஜேம்ஸ் பாடிய ‘ஐட் ராதர் கோ பிளைண்ட்’ 1967இல் ‘டெல் மாமா’ தட்டின் மறுபக்கத்தில் வெளிவந்தது. ஆகவே முன்பக்கப் பாடல்களை மட்டும் தரும் பட்டியல்களில் அது அகப்படாது. வெளியிட்ட நிறுவனம் சிகாகோவைச் சேர்ந்தது, பதிவு நடந்ததோ அலபாமாவின் ஃபேம் ஒலிப்பதிவுக்கூடத்தில் என்பதால், இரண்டு ஊர்களையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

தட்டில் அச்சான ஆசிரியர் பெயர்களோடு தேடலை நிறுத்திவிடக் கூடாது. எலிங்டன் ஜோர்டன், பில்லி ஃபாஸ்டர் ஆகியோர் பெயர்களே அதில் இருந்தாலும், ஜோர்டனுடன் சேர்ந்து தாமே பாடலை முடித்ததாகவும், வரிச் சிக்கலால் தமது உரிமையை ஃபாஸ்டருக்கு விட்டுக்கொடுத்ததாகவும் எட்டா ஜேம்ஸ் தம் தன்வரலாற்றில் கூறுகிறார். இத்தகைய கூற்றை அவருடைய கூற்றாகவே பதிவு செய்வதுதான் நேர்மை.

பிறகு மறுபதிவுகளை, அதாவது அதே பாடலைப் பிற பாடகர்கள் பாடிய பதிவுகளை, கால வரிசையில் கேளுங்கள்: கிறிஸ்டீன் பெர்ஃபெக்ட் பாடிய சிக்கன் ஷாக் குழுவின் 1969 பதிவு, ராட் ஸ்டீவர்ட்டின் 1972 பதிவு, ‘கேடிலாக் ரெக்கார்ட்ஸ்’ திரைப்படத்துக்காக 2008இல் பியான்சே பாடியது. பாடல் பெரும்பாலும் இரண்டே சுரக்கூட்டுகளில் (chords, ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) சுழல்வதால், வேறுபாடுகளைக் குரலின் ஏற்ற இறக்கத்திலும், ஊதுகருவிகள் நுழையும் இடத்திலும், இறுதி வரிகளைப் பாடகர் நீட்டும் விதத்திலும் தேட வேண்டும்.